மாற்றாள் வரும்வரை

என் கணவரின் அண்ணன் கார்ட்டூம் நகரத்தை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் காப்பாற்றினார். மூன்று வேளையும் நான் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் காப்பாற்றினார். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த வெறுப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அங்கங்கே ஒளித்துவைக்க வேண்டியிருக்காது.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். சாப்பாடு கீழே, அதிகாரமும் கீழே, தூக்கம் மட்டும் மேலே. என் கணவர் சூடானுக்கு வேலைக்குப் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கார்ட்டூம் அந்த நாட்டின் தலைநகரம். அங்கே ஒரு நூல் மில்லில் பிட்டர். ராஜபாளையத்து மில்களில் இருபது வருடம் மெஷினைப் பிரித்துப் பூட்டிய கை என்பதால் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன்.

சித்திரை பிறந்ததற்கு மறுநாள், சனிக்கிழமை. பகல் ஒன்றரை மணிக்கு அவர் போன் செய்தார். அங்கே காலை பத்து. பின்னால் என்னவோ வெடித்துக்கொண்டே இருந்தது. கல்யாண வீடா என்று கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சண்டை வந்துட்டு. ஏர்போர்ட்டு பக்கம் பொகையா இருக்கு. நீ பயப்படாத, நான் மில்லுக்குள்ளதான் இருக்கேன். செத்த நேரத்துல கூப்பிடுதேன்."

அந்தச் செத்த நேரம் மறுநாள் காலை வரை நீண்டது. அதற்குள் அவருடைய அண்ணன் மாடியில் இருந்து இறங்கி வந்து, பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் இரண்டு நதிகளை வரைந்துவிட்டார்.

"கவலைப்படாதம்மா. இது தலைநகரம். எந்த ராணுவமும் எதை விட்டாலும் தலைநகரத்த விடாது. ரெண்டே நாள். அடிச்சுத் தூத்திருவானுக," என்றார்.

இரண்டு நாள் நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் அவர் சொன்னதை மாற்றிக்கொண்டார். மாற்றியதாக ஒப்புக்கொள்ளவில்லை, முன்பே சொன்னது போல எடுத்துவிட்டார். தலைநகரத்துக்குக் காவல் போடுவது வெளியில் இருந்து வருகிறவனைத் தடுக்கத்தானாம். இங்கே வெளியில் இருந்து யாரும் வரவில்லையாம். ராணுவத்துக்குத் துணையாக ஊருக்குள்ளேயே முகாம் போட்டு உட்காரவைத்திருந்த படைதான் ராணுவத்தின் மேல் பாய்ந்திருக்கிறதாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அவன், ஜனாதிபதி மாளிகைக்குப் பக்கத்தில் அவன், டி.வி. நிலையத்துக்குப் பக்கத்தில் அவன். "உள்ள இருக்கவன அடிக்கணும்னா சொந்த வீட்டு மேலதான் குண்டு போடணும்," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

எனக்குப் புரிந்த அளவுக்கு அந்த ஊர் மூன்று ஊர். இரண்டு நதிகள் வந்து சேருகிற இடத்தில் மூன்று கரைகளில் மூன்று துண்டுகள், நடுவே பாலங்கள். ராஜபாளையத்தில் ரயில்வே கேட்டை அடைத்தால் ஊரே இரண்டாகி, இந்தப் பக்கத்து டாக்டருக்கு அந்தப் பக்கத்து நோயாளி காத்துக் கிடப்பானே, அந்த மாதிரி. என் கணவரின் மில் வடக்குக் கரையில். பாலங்களை அண்ணன் சிவப்பிலும் நீலத்திலும் குறித்துவைத்தார். நீலம் ராணுவம், சிவப்பு அந்தப் படை. வாட்ஸப்பில் வருகிற வீடியோக்களையும் அரபி சேனல் ஒன்றையும் பார்த்துப் பார்த்து, ஒரு நாளைக்கு நான்கு முறை நிறம் மாற்றுவார். தாள் கிழிந்துவிடாமல் இருக்க பின்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். அம்புட்டு அக்கறை. என் கணவர் சாப்பிட்டாரா என்று அவர் ஒரு நாளும் கேட்டு நான் பார்க்கவில்லை.

ஆபீஸுக்கு லீவு போடவில்லை. வீட்டில் இருந்தால் அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் வேறு கொடுமை. "எதுக்கும்மா அங்கெல்லாம் அனுப்பின? நம்ம ஊர்ல இல்லாத மில்லா?" என்று கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் தினமும் கேட்டார். கட்சிக்காரர் ஒருவர் வாங்கிவந்த பால்கோவாவை நீட்டி, "சாப்பிடுங்க, தெம்பா இருக்கும்," என்றார். முகத்திலேயே எறியத் தோன்றியது. வாங்கி மேஜையில் வைத்தேன்.

எங்கள் வக்கீல் நல்லவர் என்று சொல்ல முடியாது, வேகமானவர். கலெக்டருக்கு ஒரு மனு, தூதரகத்துக்கு ஒரு மனு, இரண்டையும் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். நான் அடித்தேன். தினமும் பிறத்தியார் கஷ்டத்தை அடிக்கிற விரல், என் கஷ்டத்தையும் அதே வேகத்தில் அடித்தது. இங்கே எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வ. புதுப்பட்டியில் இருந்தோ மலையடிவாரத்தில் இருந்தோ வருகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று அவசரப்படுவார்கள். அவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். "கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க. விசயத்த நான் பொறவு ஏத்திக்கிடுதேன்." பதினைந்து வருடமாக அப்படித்தான். ஒருவரும் வந்து சண்டை போட்டதில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் வழி பிறந்தது. தூதரகம் பஸ் விடுவதாகச் செய்தி வந்தது. துறைமுகம் வரை பஸ், பிறகு கப்பல், பிறகு விமானம். என் கணவர் பெயர் பட்டியலில் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர்கள் நேரம் மத்தியானம் பன்னிரண்டுக்கு, மில்லில் இருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் பஸ் நிற்கும். திங்கட்கிழமை காலையில் அவரிடம் இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஒன்பது நாள் அழாத அழுகை.

பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு, "மாத்தாள் வரலியேட்டி," என்றார்.

மில் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலும், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, "அண்ணே, போலாம்," என்று தன் வாயால் சொல்லும்வரை மெஷினை விட்டு நகரக் கூடாது. அந்த அடுத்த ஆள்தான் மாற்றாள். அவர் வராவிட்டால் இரண்டாவது ஷிப்டும் நீதான். எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை இரண்டு மணி நேரம் தாமதமாக, தலையெல்லாம் பஞ்சாக வந்து நின்றார். என் அப்பா கேட்டதற்கு, மாத்தாள் வரலை என்றார். அன்றைக்கு அதை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

"மில்லே ஓடல. எதுக்குங்க மாத்தாள்? யாரு கேக்கப் போறா?"

"போர்வெல் ஓடுதுட்டி. ஊருல தண்ணி நின்னு போச்சு. நம்ம போர்வெல்லுலதான் தெருவே புடிக்கி."

வீடியோ காலுக்கு மாறிக் காட்டினார். அதுவரை எனக்குத் தெரியாது. சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நதிக்கரைத் தண்ணீர் நிலையம் நின்றுவிட்டதாம். மில்லுக்குச் சொந்தமாக ஆழ்துளைக் கிணறும் ஜெனரேட்டரும் இருந்தன. காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி என்று டீசலை மிச்சம்பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பெண்கள் உடம்பைச் சுற்றிய நீளத்துணியோடு வாளியும் கேனுமாக வரிசை. ஒரு கழுதை வண்டியில் தகரப் பீப்பாய். வரிசையில் ஒருத்தி என் பக்கம், அதாவது போன் பக்கம், கையசைத்தாள்.

ஜெனரேட்டரில் ஏதோ கோளாறு. சுவிட்சைத் தட்டினால் ஓடாது. கைப்பக்குவம் வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் கணவர். இன்னொருவர் அவருடைய மாற்றாள், அந்த ஊர்க்காரர், சின்ன வயது என்ஜினியர். என் கணவரிடம் தமிழில் "அண்ணே, போலாம்" மட்டும் கற்றுக்கொண்டு ஷிப்டுக்கு ஷிப்டு சொல்வாராம். அவர் வீடு நதிக்கு மேற்குக் கரையில். சண்டை தொடங்கியதில் இருந்து பாலம் தாண்டி வர முடியவில்லை. மில்லில் மிச்சமிருந்தது கிழட்டு வாட்ச்மேன் ஒருவர்தான்.

"அவன் வரட்டும். சாவியக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்."

"அடுத்த பஸ்ஸு உண்டுன்னு உங்களுக்கு எவன் சொன்னான்? அந்தத் தெரு நமக்கு யாருங்க?"

"யாருமில்ல. தண்ணிக்கு வாராக."

நான் கத்தினேன். அந்தத் தெரு நாசமாகப் போகட்டும் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கையசைத்தவளையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை, நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அப்போது அண்ணன் என் கையில் இருந்து போனை வாங்கினார். தம்பிக்குப் புத்தி சொல்வார் என்று நம்பினேன். அந்த ஒரு நிமிடம் அவரைக் கும்பிடவும் தயாராக இருந்தேன்.

"ஏலே, நீ செய்யுறதுதான்லே சரி. மாத்தாள் வராம போஸ்ட விட்டு எவன் வருவான்? நம்ம ரத்தம்லே அது. அவன் வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. தூக்கி அந்த வரைபடத்தின் மேல் ஊற்றியிருப்பேன். ஏன் ஊற்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள், பஸ் புறப்படுகிற செவ்வாய்க்கிழமை காலை, அண்ணனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டியபடியே கேட்டேன்.

"அத்தான், மேக்குக் கரையில இருந்து மில்லு பக்கம் வார பாலம் இப்ப யாரு கையில?"

கேள்வி கேட்டால் அவருக்குக் குஷி. எழுந்துபோய்ச் சுவரில் விரல் வைத்தார். "இதா? முழுக்கச் செவப்பு. அவனுகதான். ரெண்டு முனையிலயும் வண்டி நிறுத்தியிருக்கானுக. பக்கத்து மாடியில துப்பாக்கியோட ஆள் வெச்சிருப்பானுக."

"ஒத்த ஆளு நடந்து வந்தா?"

"சுடாம விட்டா அவன் தலையெழுத்து. இல்ல புடிச்சு வெச்சிக்கிடுவானுக. முடியாதும்மா. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்," என்று அடுத்த தோசையைப் போட்டேன்.

மாற்றாளின் நம்பர் என்னிடம் இருந்தது. முந்தின வருடம் என் கணவரின் போன் உடைந்தபோது அந்தத் தம்பியின் போனில் இருந்து பேசியிருந்தார். ஆபீஸுக்குப் போனதும் மேஜையில் உட்கார்ந்து, போனிலேயே மொழிபெயர்க்கிற வசதியில் தமிழில் அடித்து அரபியில் அனுப்பினேன். நான் இன்னாருடைய மனைவி. உங்களுக்காகத்தான் அவர் பஸ் ஏறாமல் இருக்கிறார். நீங்கள் வந்துவிட்டதாகச் சொன்னால் போய்விடுவார்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பாலம் அடைத்திருக்கிறது சகோதரி. நான் வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா என்னை விடமாட்டேன் என்கிறார்கள். வராமலே வந்தேன் என்று எப்படிச் சொல்வது? நோன்பு முடிந்த வாரத்திலேயே பொய்யா? போய்ச் சேர்ந்துவிட்டுச் சொல்கிறேன். நாளைக்கு முயற்சி செய்கிறேன்.

நாளைக்குப் பஸ் இல்லை. என் விரல் தன் வழக்கப்படி அடித்தது: இப்போது சொல்லிவிடுங்கள். பிறகு போய்க்கொள்ளுங்கள். பிறகு போய்விட்டால் அது பொய் ஆகாது.

என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மனு போல வரிசையாக அடித்துக் கொடுத்தேன். பாலம் தாண்டிவிட்டேன். இந்தக் கரையில் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் மோட்டார் போடுவதற்குள் மில்லுக்கு வருகிறேன். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள். வடக்குக் கரையில் அவருடைய அக்கா குடும்பம் இருப்பது என் கணவர் சொல்லி எனக்குத் தெரியும். அந்த விவரத்தையும் விடாமல் சேர்த்தேன். நல்ல மனுவுக்கு விவரம் முக்கியம்.

வெகுநேரம் பதில் இல்லை. வக்கீல் வந்து ஏதோ நகல் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் "சரி சகோதரி" என்று இரண்டே வார்த்தை வந்தது.

நம் நேரம் பன்னிரண்டு மணிக்கு என் கணவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு துள்ளல். கல்யாணமான நாளில் இருந்து நான்கைந்து முறைதான் அதைக் கேட்டிருப்பேன்.

"ஏட்டி, அவன் வந்துட்டான்! பாலம் தாண்டிட்டானாம். அக்கா வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கானாம். வாய்ஸ் அனுப்பியிருக்கான். கடைசில 'அண்ணே, போலாம்'ங்கான், கேளு."

"கேக்கதெல்லாம் இருக்கட்டும். பஸ்ஸப் பிடிங்க மொதல்ல," என்றேன்.

அங்கே மத்தியானம் பன்னிரண்டு என்றால் நமக்கு மூன்றரை. மூன்று மணிக்கு மாற்றாளிடம் இருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஆபீஸ் மாடிப்படியில் நின்று காதில் வைத்துக் கேட்டேன். தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில், மூச்சு வாங்கப் பேசினார். காற்றுச் சத்தம். உங்கள் கணவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார், சந்தோஷம். அம்மா தொழுகையில் இருக்கிறார்கள், சொல்லாமல் புறப்பட்டுவிட்டேன். சொன்ன வார்த்தையை உண்மையாக்க வேண்டும். நான் போகாவிட்டால் தெருவுக்கும் தண்ணீர் இல்லை. பாலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

போக வேண்டாம் என்று அடித்தேன். இரண்டு வார்த்தை. அடித்துவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன்.

ஏன் என்பதை நான் இங்கே மறைக்கவில்லை, அன்றைக்கு எனக்கும் மறைத்துக்கொள்ளவில்லை. பஸ் இன்னும் புறப்படவில்லை. இந்தத் தம்பி வீடு திரும்பினால் நேர்மையான ஆள், உடனே என் கணவருக்குப் போன் போட்டு, அண்ணே மன்னிச்சிருங்க, நான் வரலை என்பார். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கிவிடுவார். இது எனக்குச் சூரியன் உதிக்கிற மாதிரி நிச்சயம். அதனால் காத்திருந்தேன். மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. ஒரு சொத்துத் தகராறு பிராது நான்கு பக்கம் அடித்தேன், ஒரு பிழை இல்லை. ஐந்து மணிக்கு என் கணவரிடம் இருந்து செய்தி: ஊரைத் தாண்டிட்டோம். ரெண்டு இடத்துல நிறுத்துனானுக. ஒன்னும் பிரச்சினை இல்ல.

அதைப் படித்த பிறகுதான் "போக வேண்டாம், வீட்டுக்குத் திரும்புங்கள்" என்பதை அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

என் கணவர் பஸ், கப்பல், விமானம், கடைசியில் சென்னை ரயில் என்று வந்து சேர்ந்தார். ராஜபாளையம் ஸ்டேஷனில் அண்ணன் பட்டாளத்து மெடல்களைக் குத்திக்கொண்டு நின்றார். பேப்பர்காரர் ஒருவரிடம், நான்தான் இங்க இருந்து வழி சொன்னேன், எந்தப் பாலம் எந்த நேரத்துல தொறக்கும்னு எனக்குத்தான் தெரியும் என்று அளந்துகொண்டிருந்தார். மறுநாள் அது பேப்பரில் வந்தது. என்னைப் பற்றி "கண்ணீர் மல்க வரவேற்றார்" என்று போட்டிருந்தார்கள். நான் அழவில்லை. அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். ஜெனரேட்டரைக் கையால் சுழற்றிச் சுழற்றி உள்ளங்கை முழுக்கக் காய்த்திருந்தது.

வந்த நாளில் இருந்து அவர் மாற்றாளுக்குப் போன் போட்டார். போகவில்லை. இரண்டு வாரம் கழித்து வாட்ச்மேனின் லைன் கிடைத்தது. என்ஜினியர் வரவே இல்லை, நீங்க அவருக்காகக் கொடுத்த சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்றார் அந்தப் பெரியவர். தண்ணீர்? நீங்க போன அன்றோடு நின்றுவிட்டது.

அப்புறம் மாற்றாளின் அம்மாவைப் போனில் பிடித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று அந்த அம்மா அழுதார். என் கணவர் தேற்றினார். "அம்மா, அவன் பாலம் தாண்டிட்டான். எனக்கு வாய்ஸ் அனுப்பியிருக்கான். இந்தக் கரையிலதான், அக்கா வீட்டுக்குப் போற வழியில எங்கயோ மாட்டியிருக்கான். தேடிருவோம்." மொழிபெயர்ப்பு வசதியில் சொல்லி, அந்தக் குரல் பதிவையும் அனுப்பினார். நான் சமையல்கட்டில் நின்று கேட்டேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த வரைபடம் என் கணவருடையதாகிவிட்டது. வடக்குக் கரையில் இருக்கிற ஆஸ்பத்திரிகள், பள்ளிவாசல்கள், ஆட்களைப் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட கட்டடங்கள் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டார். மாற்றாளின் அக்கா புருஷன் அந்தக் கரையில் ஒவ்வொரு இடமாகப் போய்க் கேட்டுவிட்டுச் சொல்வார். இவர் இங்கே ஒரு வட்டத்தை அடிப்பார். அண்ணனும் கூடச் சேர்ந்துகொண்டார். நான் இருவருக்கும் சோறு போட்டேன். நதிக்கு மேற்கே ஒரு வட்டமும் இல்லை. போட வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

பதினொரு நாள் சும்மா இருந்தேன். இன்னும் பதினொரு வருடமும் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த நேரம், அக்கா புருஷன் போனில் வந்தார். வடக்குக் கரையில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. எண்ணெய் ஆலைப் பக்கம். இரண்டு தரப்பும் சுட்டுக்கொண்டிருக்கிற தெரு. நாளைக் காலையில் போகிறேன், எனக்கு ஏதாவது ஆனால் என் பிள்ளைகளுக்காகத் தொழுங்கள் என்றார். இங்கிலீஷில்தான் பேசினார், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"போக வேண்டாம்னு சொல்லுங்க," என்றேன்.

என் கணவர் திரும்பினார்.

"அவரு பாலம் தாண்டல. அந்த வாய்ஸ் அனுப்பும்போது வீட்டுலதான் இருந்தாரு. நான்தான் சொல்லச் சொன்னேன்."

என் போனை எடுத்து மேஜையில் வைத்தேன். முதலில் இருந்து எல்லாமே அதில் இருந்தது. நான் எதையும் அழிக்கவில்லை. அவர் அரபியைத் தமிழாக்கி ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று மணிக் குரல் பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டார். பிறகு, ஐந்து மணிக்கு நான் அனுப்பியதன் பக்கத்தில் இருக்கும் ஒற்றை டிக்கைத் தொட்டுப் பார்த்தார், தொட்டால் இன்னொன்று வரும் என்பது போல.

முதலில் அக்கா புருஷனைக் கூப்பிட்டு, போகாதீங்க, தப்பான கரையில தேடிட்டோம் என்று சொன்னார். பாலத்துக்கு மேற்குப் பக்கம் விசாரிக்க வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டுத்தான் என்னைக் கேட்டார்.

"பாலம் அவனுக கையில இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்தார். "அவளுக்கு எப்படிலே தெரியும்? பொம்பளப்பிள்ள. நான் அந்தப் பாலத்தப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடல. எனக்கே அன்னைக்கு நெலவரம் தெரியாது," என்றார். படபடவென்று சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்குத் தெரியாது என்று ஒன்றைச் சொன்னார், அதுவும் எனக்காக.

அந்த உதவியை வாங்கிக்கொண்டிருக்கலாம். அவரிடம் இருந்து எதையும் வாங்க எனக்கு மனம் இல்லை.

"சொன்னீங்க அத்தான். தோசை போடும்போது கேட்டேன். ஒத்த ஆளு நடந்து வர முடியாதுன்னு சொன்னீங்க. அதுக்குப் பொறவுதான் ஆபீஸுக்குப் போயி அனுப்புனேன்."

என் கணவர் ரப்பரை எடுத்து வடக்குக் கரையில் போட்ட வட்டங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். பென்சில் போனது, காகிதம் கறுத்தது. அண்ணன் மாடிக்குப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை.

மேற்குக் கரையிலும் அந்தத் தம்பி இன்றுவரை கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு என் கணவர் உண்மையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவர் இப்போது மறுபடி ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இருக்கிறார். நான் போடுவதைச் சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். "ஏட்டி" என்று கூப்பிடுவதில்லை. இதை மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை திரும்ப வந்தால், அதே ஆளிடம் அதே வார்த்தையைத்தான் வாங்குவேன். என் புருஷன் உயிரோடு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு இன்னும் உறுதியாகிறது. அந்தத் தம்பியின் குரலும் அப்போதெல்லாம் காதில் கேட்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிவிடுவதில்லை.

முன்பெல்லாம் சங்கு ஊதி அரை மணி கழிந்தும் அவர் வராவிட்டால் மில்லுக்குப் போன் போட்டுக் கத்துவேன். போன வாரம் ஒருநாள் இரண்டு ஷிப்டும் முடிந்துதான் வந்தார். தலையெல்லாம் பஞ்சு. ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.